ஒரு குமிழி காற்று

புது மாஸ்டர் சிலிண்டரை மாட்டிவிட்டால் மட்டும் பழைய கார் நின்றுவிடாது. குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு ஆட்களும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். அவசரப் பட்டறைகளில் முதலில் வெட்டு விழுவது அந்தப் பொறுமைக்குத்தான்.

பழைய கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு 'இரண்டு மிதி' என்றால் விளக்கம் தேவையில்லை. பிரேக்கை முதல் தடவை மிதித்தால் பெடல் தரையைத் தொடப் போகும். காலை எடுத்து மறுபடி மிதித்தால் பாதியில் நிற்கும், வண்டியும் நிற்கும். நாளடைவில் கால் இதற்குப் பழகிவிடுகிறது. டிரைவர் தன்னை அறியாமலே இரண்டு முறை மிதிக்கிறார். வண்டியில் குறை இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோகிறது.

குறை மறந்தாலும் கணக்கு மாறுவதில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கிறது. இரண்டாவது மிதிக்கு அரை விநாடிதான் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஐந்தரை மீட்டர் போய்விடும். அது ஒரு பத்மினி காரின் முழு நீளத்தைவிட அதிகம். மும்பையில் தாராவியிலிருந்து சயான் பக்கம் திரும்பும் சந்திப்பிலோ, மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் மேம்பாலத்துக்கு அடியிலோ, செம்பூரைக் கடக்கும் சயான்-டிராம்பே சாலையிலோ முன்னால் போகும் வண்டிக்கும் பின்னால் வரும் வண்டிக்கும் நடுவே அவ்வளவு இடைவெளியை யாரும் விடுவதில்லை.

இந்த இரண்டாவது மிதிக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று காரணமாக இருக்கும். ட்ரம்முக்கும் லைனிங்குக்கும் உள்ள இடைவெளி சரிசெய்யப்படாமல் இருக்கலாம். அல்லது பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கலாம். முதலாவது தேய்மானத்தால் வருகிறது. இரண்டாவது, பல சமயம், பழுது பார்த்த கையாலேயே வருகிறது. பழைய மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் புதியதை மாட்டிய மெக்கானிக், காற்றை முழுதாக எடுக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

குர்லாவின் பெண்

இந்தக் கதைக்கு மும்பையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸின் ஆலை, தாராவிக்கும் செம்பூருக்கும் நடுவில் குர்லாவில் இருந்தது. இத்தாலியின் ஃபியட் நிறுவனத்திடம் உரிமம் பெற்று 1964 முதல் அது தயாரித்த 'ஃபியட் 1100 டிலைட்' 1974இல் பிரிமியர் பத்மினி என்று பெயர் மாறியது. சித்தூர் ராணியின் பெயர். ஆனாலும் ஊர் அதைக் கடைசி வரை 'ஃபியட்' என்றுதான் அழைத்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரை இந்திய நடுத்தர வர்க்கத்தின் முன் இருந்த தேர்வுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்றுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். பணம் கட்டிவிட்டு வருடக் கணக்கில் காத்திருந்து ஃபியட் வாங்கியவர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஏராளம்.

டெல்லியும் கல்கத்தாவும் டாக்ஸிக்கு அம்பாசடரைத் தேர்ந்தெடுத்தபோது பம்பாய் ஃபியட்டைத் தேர்ந்தெடுத்தது. கறுப்பு உடல், மஞ்சள் கூரை. அதன் உச்ச காலத்தில் நகரின் டாக்ஸி என்றாலே பத்மினிதான். ஏறத்தாழ 2000ஆம் ஆண்டோடு பத்மினியின் உற்பத்தி முடிந்தது. டாக்ஸிகளுக்கு 20 வயது உச்சவரம்பு என்ற விதி, எஞ்சியிருந்தவற்றையும் ஒன்றொன்றாக வெளியேற்றியது. மும்பையில் கடைசியாகப் பதிவான பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29ஆம் தேதி தார்தேவ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு பெற்றது. இருபது ஆண்டுகள் முடிந்து 2023 அக்டோபர் 30 முதல் நகரச் சாலைகளில் பத்மினி டாக்ஸி இல்லை.

டாக்ஸி போய்விட்டது. கார் போய்விடவில்லை. சொந்த உபயோகத்துக்கான பத்மினிகள் மறுபதிவு பெற்று இன்னும் ஓடுகின்றன. தாத்தா வாங்கிய வண்டி என்று பேரன் துடைத்து வைத்திருப்பது உண்டு. பழைய கார் மோகத்தில் புதிதாக வாங்கியவர்களும் உண்டு. இத்தகைய வண்டிகள் மாதக் கணக்கில் நின்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்பும். அன்றைக்குத்தான் பெடல் தரைக்குப் போகும்.

ஒரு கரண்டி திரவம்

பிரேக்கை மிதிக்கும் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புக் கம்பி இருந்த காலம் ஒன்று உண்டு. நான்கு கம்பிகளும் சமமாக இழுத்தால்தான் வண்டி நேராக நிற்கும். இழுக்காவிட்டால் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். இதற்கு மாற்றாகத் திரவத்தைப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர், பின்னால் விமானங்களுக்குப் பேர் போன லாக்ஹீட் சகோதரர்களில் ஒருவரான மால்கம். 1921இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்குடன் வந்தது. அதன் தத்துவம் பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்னது: அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போய்ச் சேரும்.

பள்ளிக்கூடத்தில் படித்த அந்த வரி காரில் என்ன செய்கிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கு சொல்லும். பெடல் ஒரு நெம்புகோல். அது காலின் விசையை ஐந்து மடங்கு ஆக்குகிறது என்று கொள்ளலாம். கால் 20 கிலோ அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை 100 கிலோ தள்ளும். பிஸ்டனின் விட்டம் முக்கால் அங்குலம் என்றால் அதன் பரப்பு 2.85 சதுர சென்டிமீட்டர். ஆக, குழாய்க்குள் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 35 கிலோ அழுத்தம். சைக்கிள் டியூபில் இருப்பதைப்போல் பல மடங்கு. இந்த அழுத்தம்தான் சக்கரத்தில் உள்ள சின்ன சிலிண்டர்களைத் தள்ளி, பிரேக் ஷூக்களை விரித்து, ட்ரம்மில் உரச வைக்கிறது.

கவனிக்க வேண்டியது அழுத்தம் அல்ல, அளவு. பிஸ்டன் அதிகபட்சம் மூன்று சென்டிமீட்டர் நகரும் என்றால் அது தள்ளும் திரவம் எட்டரை மில்லி. சாப்பாட்டுக் கரண்டி ஒன்று நிரம்பாது. நான்கு பேரையும் அவர்கள் மூட்டையையும் ஏற்றிய வண்டியை நிறுத்துவதற்கு டிரைவரின் காலடியில் இருக்கும் மொத்த முதலீடு அவ்வளவுதான்.

இதில் ஐந்து மில்லி காற்று புகுந்தால் என்ன ஆகும்? திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். 35 கிலோ அழுத்தத்தில் ஐந்து மில்லி காற்று ஒரு மில்லியில் ஏழில் ஒரு பங்காகச் சுண்டிவிடும். அதாவது பிஸ்டன் தள்ளிய எட்டரை மில்லியில் ஏறக்குறைய ஐந்து மில்லி, காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. மிச்சம் மூன்றரை மில்லியை வைத்துக்கொண்டு நான்கு சக்கரங்களிலும் ஷூக்கள் விரிய வேண்டும். விரியாது. பெடல் தரையைத் தொட்டுவிடும். மறுபடி மிதிக்கும்போது தொட்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் திரவம் உள்ளே வந்திருக்கும், அதனால் பிடிக்கும். இரண்டு மிதியின் ரகசியம் இதுதான்.

பழைய பத்மினியிலும் அந்தக் காலத்து மற்ற கார்களிலும் இன்னொரு சங்கடம் உண்டு. நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. எங்கே காற்று இருந்தாலும், எங்கே கசிந்தாலும், நான்கு சக்கரமும் சேர்ந்து பிடியை இழக்கும். சுற்றை இரண்டாகப் பிரித்து, ஒன்று போனாலும் மற்றது பாதி வண்டியைப் பிடிக்கும்படி செய்யும் ஏற்பாடு அமெரிக்கக் கார்களில் 1960களின் பிற்பகுதியில் கட்டாயமாயிற்று. ஒற்றைச் சுற்றுக் காரில் பிரேக் போனால் கைக்கு எட்டுவது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். அதை நம்பி யாரும் மேம்பாலத்திலிருந்து இறங்கக் கூடாது.

மழை குடிக்கும் திரவம்

பட்டறையில் இதற்குப் பெயர் 'பிரேக் ஆயில்'. இந்தப் பெயரே பல வண்டிகளைக் கெடுத்திருக்கிறது. அது ஆயில் அல்ல. கிளைகால் வகையைச் சேர்ந்த திரவம். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் கப்புகள் ஊறிப் பருத்து, பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டிவரும்.

இத்திரவத்துக்கு ஒரு குணம்: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆண்டுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் மழை பெய்யும் மும்பையில், கடற்காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். தொட்டி மூடியின் மூச்சுத் துளை வழியாகவும், பழைய ரப்பர் குழாய்கள் வழியாகவும் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். டாட் 3 தரத்தில் உள்ள புதிய திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் கலந்துவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சமதள நகரத்தில் இது தெரியாது. புனேவிலிருந்து திரும்பி, போர்காட்டில் காலை எடுக்காமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கும்போது தெரியும். சூடேறிய சக்கர சிலிண்டருக்குள் திரவம் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலச் சுருங்கும். பெடல் திடீரென்று பஞ்சாகிவிடும்.

தண்ணீர் செய்யும் இரண்டாவது வேலை துரு. வார்ப்பிரும்புச் சிலிண்டரின் உட்சுவரில் பொட்டுப் பொட்டாக அரிப்பு விழும். ரப்பர் கப் அந்தப் பொட்டின்மேல் ஆயிரக்கணக்கான தடவை உரசிக் கிழியும். அதன் அடையாளம் வேறு: பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் அது மெல்ல மெல்ல இறங்கும், சிக்னலில் நிற்கும்போது காலுக்குக் கீழே ஏதோ நழுவுவதுபோல. வெளியே ஒரு சொட்டுக் கசிவு இருக்காது. திரவம் கப்பைத் தாண்டி சிலிண்டருக்குள்ளேயே பின்வாங்குகிறது.

ஆக, நோய் மூன்று, அடையாளமும் மூன்று. பெடல் பஞ்சு போல இருந்தால் காற்று. கெட்டியாக இருந்தும் தாழ்வாகப் பிடித்தால் ட்ரம் இடைவெளி. பிடித்துக்கொண்டிருக்கும்போது இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் நேராக சிலிண்டரில் கை வைப்பது, தலைவலிக்குப் பல்லைப் பிடுங்குவது மாதிரி.

கிட்டா, புது சிலிண்டரா?

மாஸ்டர் சிலிண்டர்தான் என்று முடிவான பிறகு வண்டிக்காரர் முன் இரண்டு வழிகள். ரப்பர் கிட் மட்டும் வாங்கிப் பழைய சிலிண்டரிலேயே போடுவது மலிவு. ஆனால் உட்சுவரில் விரலால் தடவினால் நிரடும் அளவுக்கு அரிப்பு இருந்தால், புது ரப்பரும் சீக்கிரமே கிழியும். அப்போது முழுச் சிலிண்டரையும் மாற்றுவதுதான் சிக்கனம்.

பத்மினி உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. உதிரிபாகம் தேடுகிறவர்கள் ஆபரா ஹவுஸ் பக்கத்து உதிரிபாகக் கடைகளுக்கும் குர்லா சி.எஸ்.டி. சாலைக்கும் போகிறார்கள். நல்லதும் கிடைக்கும், போலியும் கிடைக்கும், பல வருடம் அலமாரியில் இருந்து ரப்பர் இறுகிப்போன அசலும் கிடைக்கும். மூன்றாவதுதான் ஏமாற்றும், டப்பா புதிது, உள்ளே கப் கிழடு. அலமாரியில் கிடந்த சிலிண்டரைப் பிரித்து, ரப்பரை மாற்றிவிட்டு மாட்டுவது நல்ல மெக்கானிக்கின் வழக்கம்.

இந்தியக் காரின் பிரேக்குக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு. டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸும் கூட்டாக 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா சென்னை பாடியில் வளர்ந்தது. ரானே பிரேக் லைனிங்ஸ் 1964இல் வந்தது. மும்பைப் பட்டறை அலமாரியில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவிலும் லைனிங் அட்டைப்பெட்டியிலும் சென்னை முகவரியைப் பார்ப்பது சகஜம்.

டப்பா விஷயத்தில் ஒரு விதிதான் உண்டு: சீல் உடைக்காததாக இருக்க வேண்டும். முந்தின வண்டிக்குத் திறந்து பாதி மிச்சம் வைத்த டப்பாவிலிருந்து ஊற்றினால், புது சிலிண்டருக்குள் முதல் நாளே ஈரத்தை ஊற்றியதாக ஆகும். டப்பாவில் டாட் 3 அல்லது டாட் 4 என்று இருக்கலாம். டாட் 5 என்பது சிலிக்கான் வகை. அதை இவற்றோடு கலக்கக் கூடாது.

பெஞ்சில் பாதி வேலை

புது சிலிண்டர் காலியாக வருகிறது. உள்ளே இருப்பது முழுக்கக் காற்று. இதை அப்படியே வண்டியில் மாட்டிவிட்டு, பெடலை மிதித்து மிதித்து அந்தக் காற்றை நான்கு சக்கரம் வரை தள்ளிக்கொண்டு போய் வெளியேற்றலாம் என்று நினைப்பதுதான் பெரும்பாலான தொல்லைகளின் ஆரம்பம். சிலிண்டர் வண்டியில் கொஞ்சம் சாய்ந்து உட்காரும். அதன் மேல் மூலையில் ஒரு குமிழி மாட்டிக்கொண்டால், கீழே சக்கரத்தில் எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் அது அசையாது.

அதனால் வேலை பெஞ்சில் தொடங்க வேண்டும். சிலிண்டரை வைஸில் மட்டமாகப் பிடிக்கிறார்கள், உடலை நசுக்காமல், காதுப் பகுதியில். திரவம் வெளியேறும் வாயில் ஒரு சிறு குழாயை மாட்டி, அதை வளைத்துத் தொட்டிக்குள் திரவத்தில் மூழ்க விடுகிறார்கள். பிறகு மழுங்கிய கம்பியால் பிஸ்டனை மெதுவாகத் தள்ளி, மெதுவாக விடுகிறார்கள். குழாய் வழியே முதலில் வெறும் காற்று வரும். பிறகு நுரை. பிறகு பெரிய குமிழிகள், சின்னக் குமிழிகள், கடைசியில் திரவம் மட்டும். வேகமாகத் தள்ளினால் திரவமே நுரைத்துக் காற்றை உள்ளே கலந்துகொள்ளும். அப்புறம் அது அடங்கக் காத்திருக்க வேண்டும். குமிழி நின்ற பிறகும் இன்னும் சில தடவை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்துகிறார்கள்.

வண்டியில் மாட்டும்போது இன்னொரு நுணுக்கம். பெடலிலிருந்து வரும் தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சிறிய இடைவெளி, பெரும்பாலான கார்களில் ஒரு மில்லிமீட்டர் அளவு, இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராது. தொட்டிக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும். ஓடஓடச் சூட்டில் விரியும் திரவத்துக்குப் போக்கிடம் இல்லாமல் பிரேக் தானாகவே பிடிக்க ஆரம்பிக்கும். 'பிரேக் ஜாம்' என்று வந்து நிற்கும் பல வண்டிகளில் குற்றவாளி இந்த ஒரு மில்லிமீட்டர்தான்.

அமுக்கு, பிடி, விடு

இதற்குப் பிறகு இரண்டாவது ஆள் வேண்டும். மும்பைப் பட்டறை மொழியில் இந்த வேலைக்கு 'ஹவா நிகால்னா', தமிழர் பட்டறையில் 'ஏர் எடுக்கிறது'. டிரைவர் சீட்டில் பையன். சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருப்பவர் மெக்கானிக். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல் மட்டும்தான்.

முதலில் நான்கு ட்ரம்களிலும் இடைவெளியைச் சரிசெய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பெடல் தாழ்வது காற்றாலா இடைவெளியாலா என்று தெரியாது. பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குகிறார்கள். வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள நம் வண்டியில் அது பின்பக்க இடது சக்கரம். அடுத்து பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. சக்கர சிலிண்டரின் நிப்பிளில் ஒரு கண்ணாடிக் குழாய் மாதிரியான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் திரவம் உள்ள பாட்டிலில் மூழ்க விடுகிறார்கள். வெளிக்காற்று திரும்பி உள்ளே போகாமல் இருக்கவும், வரும் குமிழி கண்ணுக்குத் தெரியவும் இந்த ஏற்பாடு.

"அமுக்குடா."

"அமுக்கிட்டேன் அண்ணே."

"அப்படியே பிடி. நான் சொல்றவரைக்கும் விடாதே."

ஸ்பானர் அரைச் சுற்று திரும்பும். பெடல் பையனின் காலுக்குக் கீழே சரேலென்று இறங்கும். குழாயில் குமிழிகள் ஓடும். நிப்பிளை இறுக்கிய பிறகுதான் "விடு". மறுபடி அமுக்கு, பிடி, விடு. தாராவியில் தமிழிலும், இரண்டு சந்து தள்ளி 'தபா, பகட், சோட்' என்று இந்தியிலும் கேட்கும் மூன்று சொற்கள்.

எல்லாம் அந்த 'விடாதே'யில் இருக்கிறது. நிப்பிள் திறந்திருக்கும்போது பையன் காலை எடுத்துவிட்டால், பின்வாங்கும் பிஸ்டன் திரவத்தை மட்டும் அல்ல, நிப்பிளின் மறை வழியே காற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். அதுவரை செய்த வேலை வீண். நடுநடுவே தொட்டியைப் பார்க்க வேண்டியதும் பையன் பொறுப்பு. அது ஒரு தடவை வற்றினால் மாஸ்டர் சிலிண்டரே காற்றைக் குடித்துவிடும், மறுபடி முதலிலிருந்து. வேலை கற்க வந்த பையனை முதலில் பெடலில் உட்கார வைப்பதற்கு இது ஒரு நல்ல காரணம். சொன்னதை, சொன்ன நேரத்தில் செய்வது என்றால் என்ன என்பதை அந்தப் பெடல் கற்றுக்கொடுத்துவிடும்.

அரை மணியின் விலை

வேலை இவ்வளவு தெளிவாக இருந்தும் அது ஏன் அரைகுறையாக முடிகிறது? கஞ்சத்தனம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. டாக்ஸியை நாள் வாடகைக்கோ ஷிஃப்டுக்கோ எடுத்து ஓட்டுபவருக்கு, வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு மணியும் கையை விட்டுப் போகும் வருமானம். மெக்கானிக்குக்கு, பில்லில் எழுதக்கூடியது சிலிண்டரின் விலையும் மாட்டிய கூலியும். காற்றை எடுத்ததற்கு எடுத்துக்காட்ட ஒரு பொருள் கிடையாது. பழைய சிலிண்டரைக் கையில் கொடுத்து "இதுதான் போச்சு" என்று காட்டலாம். வெளியே போன குமிழியை யாரிடம் காட்டுவது?

உதவிக்குப் பையன் இல்லாத நாளில் மெக்கானிக் தனியாகவே ஏதோ செய்து முடிப்பதும் உண்டு. பெடலைத் தானே நாலு தடவை மிதித்துவிட்டு இறங்கி ஓடி நிப்பிளைத் திறப்பது, திரவத்தின் எடையிலேயே தானாக வடியட்டும் என்று விடுவது, இப்படி. வடியவிடும் முறை தவறில்லை. ஆனால் அதற்கு இன்னும் அதிக நேரமும், தொட்டி வற்றாமல் பார்க்கும் கண்ணும் வேண்டும். அவசரத்தில் இரண்டும் கிடைப்பதில்லை. பெடல் இரண்டாவது மிதியில் கெட்டியாகிவிட்டால் "சரியாயிடுச்சு" என்று அனுப்பிவிடுகிறார்கள். "கொஞ்சம் ஓடினா தானா செட்டாயிடும்" என்பது கூடவே வரும் ஆறுதல். காற்று தானாக செட்டாவதில்லை.

வாகனச் சோதனையும் இதைப் பிடிப்பது கடினம். இரண்டு மிதியில் நிற்கப் பழகிய கால், அதிகாரி முன்னாலும் சத்தமில்லாமல் இரண்டு தடவை மிதித்துவிடும்.

பழைய கார் ஆபத்தானது என்று பொதுவாகச் சொல்வது சுலபம். உண்மையில் அதன் பிரேக் ஒளிவுமறைவு இல்லாதது. பெரும்பாலான பழைய பத்மினிகளில் காலின் பலத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டர்கூட இல்லாததால், உள்ளே நடப்பது எல்லாம் நேராகக் காலுக்குத் தெரியும். மன்னிக்காது என்பது மட்டும்தான் அதன் குறை. இன்றைய கார்களில் சுற்று இரண்டு. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். அவற்றில் சில மாடல்களில் காற்றை எடுக்கக் கம்ப்யூட்டர் கருவியை மாட்ட வேண்டியிருக்கிறது. சக்கர வரிசையும் மாடலுக்கு மாடல் மாறும். 'அமுக்கு, பிடி, விடு' என்று குரல் கொடுக்கும் பட்டறை குறைந்துவருகிறது. பத்மினி டாக்ஸியோடு வளர்ந்த மெக்கானிக்குகள் வயதாகி விலகும்போது, எஞ்சியிருக்கும் பழைய வண்டிகளுக்கு ஆபத்து உதிரிபாகப் பஞ்சத்தால் மட்டும் வரப்போவதில்லை. பெஞ்சில் வைத்து ஏர் எடுக்க வேண்டும் என்று தெரிந்த கை கிடைக்காமலும் வரும்.

அதுவரை வண்டிக்காரர் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அதற்குக் கருவி தேவையில்லை. சிலிண்டர் மாற்றிய வண்டியைப் பட்டறையை விட்டு எடுக்குமுன், நின்ற இடத்திலேயே பிரேக்கை ஒரே ஒரு தடவை மிதிக்க வேண்டும். பெடல் பாதி தூரத்துக்குள் கெட்டியாக நிற்க வேண்டும். கல்லை மிதித்தது மாதிரி, ரப்பர் பந்தை மிதித்தது மாதிரி அல்ல. அழுத்தியபடியே ஒரு நிமிடம் பிடித்திருக்க வேண்டும். அது இறங்கக் கூடாது. பிறகு நான்கு நிப்பிள்களையும் குழாய் இணைப்புகளையும் குனிந்து பார்க்க வேண்டும். ஈரம் இருக்கக் கூடாது. காலியான சாலையில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை வண்டியை எடுக்குமுன் முதல் மிதியை மறுபடி கவனிக்க வேண்டும். இரவில் மேலேறி ஒன்றுசேர்ந்த குமிழி ஏதாவது இருந்தால் அப்போது தெரியும்.

பெடல் இரண்டாவது மிதியைக் கேட்டால் பணம் கொடுக்க வேண்டாம், பையனைக் கூப்பிடச் சொல்ல வேண்டும்.